செல்வியின் முகத்தில் கோடில்லாத இடம்

பாசமுள்ள அண்ணி,

நீங்கள் போய் இரண்டு மாதம் ஆகப்போகிறது. ஆவடி குவார்ட்டர்ஸ் வீட்டில் உங்கள் மைப்புட்டி மேசைமேல் அப்படியே இருக்கிறது. காய்ந்துவிடக் கூடாதென்று அண்ணன் தினமும் அதன் மூடியை இறுக்கி வைக்கிறார். இனி யார் வரையப் போகிறார்கள்?

நேற்று முனியம்மா வந்திருந்தாள். கரையான்சாவடியிலிருந்து நமக்குக் கீரை கொண்டுவருவாளே, அவள்தான். அவளுடைய சின்ன மகள் செல்வி காய்ச்சலில் இறந்த அந்த மழைக்காலம் உங்களுக்கு மறந்திருக்காது. வீட்டுக்குள் புகுந்த தண்ணீரில் குழந்தையின் ஒரே போட்டோவும் ஊறிப்போயிருந்தது.

"மூஞ்சி மறந்துடுமோன்னு பயமா கீதும்மா" என்று அன்று உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

கெட்டித்தாளை நனைத்து, பலகையில் ஒட்டிக் காயவைத்தீர்கள். அவள் சொல்லச் சொல்ல பென்சிலில் மெல்லக் கோடிட்டு, அதன்மேல் இரும்பு நிப்பால் கறுப்பு மையை ஓட்டினீர்கள். தண்ணீர் பட்டாலும் கரையாத மை. கண், புருவம், முன்பல் விழுந்த இடைவெளி எல்லாம் வந்தன. தாடைக்கு வந்ததும் அவள் திணறிப்போனாள்.

"கூரா இருக்குமா, உருண்டையா இருக்குமா?"

"தெரியலயேம்மா. பெத்தவளுக்கே தெரியல." முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

நீங்கள் பேனாவை வைத்துவிட்டீர்கள். "தெரியாத இடத்துல கோடு வேணாம் முனியம்மா. தண்ணி பாத்துக்கும்."

கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு மை கலந்து, கன்னத்திலிருந்து கழுத்துவரை வெளிறிய சாம்பல் நிழலைத் தூரிகையால் பரவவிட்டீர்கள். அது காய்ந்ததும் இன்னொரு பூச்சு, சற்று அடர்த்தியாக. தாடை எங்கே முடிகிறதென்று சொல்ல முடியாதபடி முகம் நிழலோடு கலந்து நின்றது.

அவள் வெகுநேரம் பார்த்தாள். "எங்கூட்டு வெளக்கு வெளிச்சத்துல புள்ள இப்டிதாம்மா நிக்கும்" என்றாள்.

இப்போது அந்தப் படம் வானகரத்தில், அவள் மகன் கட்டிய வீட்டில் மாட்டியிருக்கிறதாம். அவளும் அங்கேயே குடிபோய்விட்டதால், நீங்கள் போன சேதி போன வாரம்தான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நேற்று யாரையும் கேட்காமல் அடுப்படிக்குப் போய் ரசம் வைத்து, சோற்றில் ஊற்றி அண்ணன் முன்னால் வைத்தாள்.

"துன்னு நைனா. நீ துன்னாதான் நான் கெளம்புவேன்."

அண்ணன் சாப்பிட்டார், அண்ணி. இரண்டாவது முறை சோறு கேட்டு வாங்கினார். சாப்பிடும்போதே அழுதார். உங்கள் காரியத்தன்றுகூட அவர் அழவில்லை.

இனி ஞாயிறுதோறும் பூந்தமல்லியிலிருந்து வந்துவிடுவேன். அண்ணனைத் தனியாக உட்கார்ந்து சாப்பிட விடமாட்டேன்.

நாத்தனார் என்று ஒருநாளும் நினைக்காமல் நீங்கள் கூடப்பிறந்தவளாகவே வைத்துக்கொண்ட,
விஜயா