மருமகன் கேட்ட நாய்

மரியாதைக்குரிய அக்காவுக்கு, உங்கள் தம்பி மனைவி குல்சீபா சலாம் சொல்லி எழுதுவது. ஆடு மாடும் வீட்டு உயிர்களும் சுகந்தானே? எப்போதும் வழக்கத்துக்குக் கேட்கிற கேள்வி இது. இன்றைக்கு வழக்கத்துக்குக் கேட்கவில்லை.

மேலே படிக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். பேத்தி இங்கார் முற்றத்தில் இருந்தால் தூக்கிவந்து உள்ளே விட்டுக் கதவைச் சாத்துங்கள். நாங்கள் கொடுத்த நாய் ஆக்தோஸ் சங்கிலியில்தான் இருக்கிறதா என்று உங்கள் பிள்ளை பெய்பித்தைப் பார்த்துவரச் சொல்லுங்கள். பிறகு உட்கார்ந்து படியுங்கள்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நேற்று அதற்காகத்தான் அழைத்தேன். உங்கள் குரலைக் கேட்டதும் அதை விட்டுவிட்டு, வைக்கோல் இருக்கிறதா, முழங்கால் வலி எப்படி என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் ரொட்டி வண்டி ஓட்டும் எஸ்கெல்தியிடம் இதைக் கொடுத்து, உங்கள் கையில் மட்டும்தான் தரவேண்டும் என்று சொல்லியனுப்புகிறேன். சாயங்காலத்துக்குள் வந்துவிடும்.

இங்கே பனி உருகித் தெருவெல்லாம் சேறு. எங்கள் கறுப்பு மாடு கன்று போட்டது, கிடாரிதான். காலையும் மாலையும் இரண்டு வீட்டு மாடு கறக்கிறேன், எங்களுடையதும் பக்கத்து வீட்டு மர்பூகாவுடையதும். மர்பூகாவின் வலது கையில் இரண்டு விரல் மடங்குவதில்லை. ஆக்தோஸ் கடித்தது. வைத்தியர் தைத்துவிட்டார், ஆனால் நரம்பு போனது போனதுதான்.

அவள் தப்பு எதுவும் செய்யவில்லை அக்கா. மிச்சமிருந்த எலும்புச் சாற்றைக் கொண்டுவந்து அதன் தட்டில் ஊற்றக் குனிந்தாள். அவ்வளவுதான். நாங்கள் ஒரு ஆட்டை அறுத்துக் கறியோடு போய் அழுதோம். அவளும் பெரிய மனசு பண்ணி, "நாய்க்கு என்னம்மா தெரியும், விடு" என்றாள். ஊருக்குள் பேச்சு பரவவில்லை. அவள் வெளியே சொல்லாததை நாங்கள் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டோம்.

நாய்க்குத் தெரியாது, சரி. எங்களுக்குத் தெரியும். மந்தையை விற்ற பிறகு அந்த நாய்க்கு வேலையே இல்லை. வாசல் கம்பத்துச் சங்கிலிதான் அதற்கு உலகம். விருந்தாளிகள் வந்து ரெண்டு கிளாஸ் உள்ளே போனதும் உங்கள் தம்பிக்கு வீரம் வந்துவிடும். எலும்பைப் போட்டுவிட்டு, அது தின்னும்போது பூட்ஸ் காலால் தட்டை இழுப்பார். அது உறுமும். "எவனாவது கிட்ட போங்கடா, ஆம்பளைன்னு ஒத்துக்கறேன்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சமையலறை ஜன்னலில் நின்று சிரித்திருக்கிறேன். தட்டுப் பக்கம் வருகிற கை திருட்டுக் கை என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தது நாங்கள்தான்.

மர்பூகா விஷயம் நடந்த மறுநாள் அவர் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஆக்தோஸோடு ஓடைப்பக்கம் போனார். நெடுநேரம் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். சத்தமே வரவில்லை. கடைசியில் இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். பனிப்புயலில் குட்டியாய் அதைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தவர் அவர், சுடக் கை வரவில்லை. அதற்காக அவரை நான் குறை சொல்லமாட்டேன். அதற்குப் பிறகு செய்ததற்குத்தான் எனக்கு முகம் இல்லை.

நவ்ரீஸ் பண்டிகைக்குப் பெய்பித் வந்தான் அல்லவா. ஓநாய் இரண்டு ஆட்டைக் கொண்டுபோன கதையைச் சொன்னான். அவன் நாய் கேட்கவே இல்லை அக்கா. இவர்தான் ஆரம்பித்தார். "இவனை மாதிரி ஒரு காவக்காரன் இந்தப் பக்கத்துலயே கெடையாது. ஆனா நான் யாருக்கும் தரமாட்டேன். தாய்மாமன்கிட்ட மருமகன் வாய்விட்டுக் கேட்டா அது வேற விஷயம், நம்ம வழக்கப்படி மூணு தடவை கேக்கற வரைக்கும் இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் ஏது?" என்றார். பையன் முகம் மலர்ந்துபோய்க் கேட்டுவிட்டான். கேட்டதும் இவர், கொடுக்க மனமில்லாதவர் மாதிரி ஒரு பெருமூச்சு விட்டார் பாருங்கள்.

பெய்பித் அப்போதும் என் பக்கம் திரும்பினான். "அத்தை, வீட்ல சின்னப் பொண்ணு இருக்கு. கடிக்குமா?" என்றான். நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். "கடிக்கும், ஓநாயை" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அந்த ஒரு வாக்கியத்துக்காக என் நாக்கை இழுத்து வைத்து அறுக்கலாம்.

நீங்கள் தம்பிக்காகப் பள்ளிக்கூடத்தை விட்டவர். உங்கள் தாயார் போனபின் அவரை ஆளாக்கியவர். எங்கள் வீட்டுக் கசடை உங்கள் வாசலில் கொண்டுவந்து, சிவப்புத் துணி கட்டி, பரிசென்று கொட்டியிருக்கிறோம். அந்தத் துணியைக் கட்டியதும் நான்தான்.

இரண்டு நாள் முன்னால் பெய்பித் படம் அனுப்பினான். ஆக்தோஸ் தட்டில் வாய் வைத்திருக்கிறது, பக்கத்தில் இங்கார் ரொட்டித் துண்டை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இவர் அதை ஊரெல்லாம் காட்டி, "பாத்தீங்களா, கொழந்தைகிட்ட எப்படிப் பசு மாதிரி இருக்கான்" என்கிறார். நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது தின்னவில்லை அக்கா. அசையாமல் நின்று, தலையைத் திருப்பாமல், கண்ணின் வெள்ளை தெரிய அவள் கையைப் பார்க்கிறது. மர்பூகா குனிந்த அன்றைக்கும் அப்படித்தான் நின்றது.

திருப்பி வாங்கிவிடலாம் என்று இவரிடம் சொன்னேன். "குடுத்ததைத் திருப்பிக் கேக்கறவனா நான்? அக்கா மூஞ்சியில எப்படி முழிப்பேன்? அங்க ஆடு இருக்கு, வேலை இருக்கு, தானா அடங்கிரும்" என்றார். கொடுத்ததைக் கேட்க மாமனுக்கு உரிமை இல்லைதான். ஆனால் மருமகனுக்குக் கேட்கிற உரிமை இன்னும் இருக்கிறது. மூன்றில் ஒன்றைத்தான் பெய்பித் பயன்படுத்தியிருக்கிறான். இரண்டாவதாக ஒன்று கேட்கச் சொல்லுங்கள். "மாமா, உங்க நாயை நீங்களே வந்து கூட்டிட்டுப் போங்க" என்று நாலு பேர் கேட்கும்படி கேட்கட்டும். மறுக்க அவருக்கு வாய் இருக்காது. வண்டியை நான் ஏற்பாடு செய்கிறேன், கூடவே வருகிறேன்.

கூட்டிவந்தபின் செய்யவேண்டியது எங்கள் வீட்டு வேலை. துப்பாக்கி அதே ஆணியில் தொங்குகிறது. அவருக்குக் கை வராவிட்டாலும் நான் பக்கத்தில் நிற்பேன். அந்த வேலையை, ஒன்றும் அறியாத உங்கள் பிள்ளை தலையில் கட்டப்பார்த்தோம். அதுவும் இங்காருக்கு ஏதாவது ஆனபிறகுதான் அவன் துப்பாக்கியை எடுத்திருப்பான். அதுவரை யாரும் அதன் தட்டருகே போகவேண்டாம். இறைச்சியைக் கோலால் தள்ளிவிடுங்கள்.

நான் எழுதியதை அவரிடம் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் உங்கள் விருப்பம். இனி என்னை வீட்டுக்குள் சேர்ப்பதும் சேர்க்காததும் உங்கள் விருப்பம். ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். கடிதம் கிடைத்ததும் போன் செய்யுங்கள். என்னோடு பேசவேண்டாம், குழந்தையிடம் கொடுங்கள். அவள் சிரிக்கிற சத்தம் கேட்டால் போதும்.

ஆண்டவன் உங்கள் வீட்டைக் காக்கட்டும். இங்காரின் பத்து விரலுக்கும் என் முத்தம்.

இப்படிக்கு,
உங்கள் முன் நிற்கக் கூசும்
குல்சீபா