மூங்கில்துறையில் அடியேன் அமைதி நாட்டிய வகை

நீர் நிறைக, நெல் விளைக, நெறி நிலைக்க. கடல் முகம் தொட்டு மலை முகம் வரை ஒரு குடை நிழற்றும் தென்னருவி நாட்டுப் பெருங்கோ, பகைவர் முடி பணியக் கண்டும் செருக்கறியாத கோப்பெருந்தித்த தேவர் திருவடிகளுக்கு, மூங்கில்துறை அமைதிக் காரியத்துக்கு ஏவப்பட்டு வந்த அமைச்சன் கண்டன் பூதனான நல்லிணக்கப் பேரரையன் தலைமேல் கைகூப்பி எழுதி விடுக்கும் ஓலை. தலைநகரும் கொற்றவாயிலும் அரசியார் மாளிகையும் குறைவின்றி விளங்குக.

இவ்வோலை மூங்கில்துறையிலிருந்து எழுதப்படவில்லை. ஆற்றின் எதிர்க்கரையில், நாணல் வேய்ந்த ஒரு கொட்டகையில் அமர்ந்து எழுதுகிறேன். ஊர் தெரிகிறது, ஊருக்குள் போக இயலாது. அது நேர்ந்த வகையைத் தேவரீர் திருச்செவி சாத்தியருள வேண்டும்.

மூங்கில்துறையார் அனைவரும் துறையம்மை என்னும் ஒரே தெய்வத்தையே தொழுவர். மேலைத் தெருவார் அம்மைக்குச் செவ்வலரியே உகந்ததென்பர். கீழைத் தெருவார் மஞ்சள் அலரியே உகந்ததென்பர். பூவில் பிறந்த இவ்வழக்கு பூவோடு நிற்கவில்லை. ஊர்ச்சபைக்கு ஆள் எடுக்கையில் அறிவைப் பாராமல் காதில் செருகிய பூவைப் பார்த்தார்கள். மதகைத் திறக்கச் செவ்வலரியார் சொன்னால், பயிர் காய்ந்தாலும் மூடவேண்டும் என்றார்கள் மஞ்சளலரியார். சென்ற திருவிழாவில் தேர்வடத்தைப் பிடித்து இரு சாராரும் இரு திசையில் இழுக்க, தேர் குடைசாய்ந்து இருவர் கால் ஒடிந்தது. அதன் பின்னரே தேவரீர் அடியேனை அனுப்பியருளினீர்.

செவ்வலரியாருக்குத் தலைவன் சேந்தன் என்னும் ஓடக்காரன். மஞ்சளலரியாருக்குத் தலைவி காரி நங்கை என்னும் செக்குடையாள். இருவரையும் அழைத்து, மலர் எந்நிறமாயினும் மணம் ஒன்றே என்று நெடும்பொழுது உரைத்தேன். அலரிக்கு மணமே இல்லை என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அடியேன் அவர்களிடையே கண்ட முதல் ஒற்றுமை அதுவே. அதை அப்போதே தேவரீருக்கு எழுதிவிட்டு ஊர் திரும்பியிருந்தால் புகழோடு இருந்திருப்பேன்.

ஆனால் அடியேனுக்கு அறிவு மிகுதி என்ற எண்ணம் அடியேனிடம் மிகுதி. இரண்டு நிறம் சண்டையிட்டால் மூன்றாவது நிறத்தில் அமைதி பிறக்கும் என்று முடிவு செய்தேன். சண்டையில் சலித்தவர்கள் வெள்ளலரி சூடி, மாலைதோறும் ஆற்றங்கரை மண்டபத்தில் கூடி, ஒரே பந்தியில் உண்டு, யாரோடும் பகை கொள்ளேன் என்று சூளுரைக்க வேண்டுமென அறிவித்தேன். முதலில் வந்தவள் மருத்துவச்சி சாத்தி. இரு தெருப் பிள்ளைகளையும் கையில் ஏந்தியவள். வாரா வாரம் யார் வீட்டுக்கு முதலில் போனாய் என்று இரு பக்கமும் கேட்டதில் சலித்துப்போனவள். அவளுக்குப் பின் பலர் வந்தார்கள். அந்நாட்களில் மண்டபம் உண்மையிலேயே இனிதாக இருந்தது. அடியேன் அதற்கென ஒரு பதிகமும் பாடினேன். இலக்கணப் பிழை உள்ள இடங்களை உணர்ச்சி மிக்க இடங்கள் என்று கூட்டத்தார் கொண்டாடினார்கள்.

பின்பு ஒரு கேள்வி எழுந்தது. பகலில் செவ்வலரி சூடிவிட்டு மாலையில் நம் பந்திக்கு வருவோரைச் சேர்க்கலாமா? வேண்டாம் என்றேன். சண்டைக்காரர் வாசலை நாம் மிதித்தால் சண்டை நம்மேல் ஒட்டாதோ என்றார்கள். ஒட்டும், மிதிக்க வேண்டாம் என்றேன். அமைதியைக் காக்கக் கையில் தடி இருப்பது நல்லதன்றோ என்றார்கள். மெல்லிய தடி என்றேன். ஒருநாள் நாங்கள் பதிகம் பாடிச் செல்கையில் மஞ்சளலரிப் பூக்காரன் ஒருவன் சிரித்தான். எங்கள் கூட்டத்தார் அவன் பல்லை உடைத்துவிட்டு, அடியேன் என்ன சொல்வேனோ என்று திரும்பிப் பார்த்தார்கள். அமைதியைக் கண்டு சிரிப்பவன் போரை விரும்புபவனே என்று அடியேன் விளக்கினேன். அவ்விளக்கம் அவ்வளவு அழகாக வாயிலிருந்து வந்ததால், அது தவறாக இருக்கக்கூடும் என்றே தோன்றவில்லை.

அரசே, இதையும் மறைக்கலாகாது. கூட்டம் அடியேன் பெயரைச் சொல்லி முழங்கியபோது முதுகெலும்பில் ஒரு சூடு ஏறியது. நாற்பது ஆண்டு அரசவையில் இருந்தும் அப்படியொரு சூட்டை அறிந்ததில்லை. அதன்பின் வெள்ளலரி சூடியவன் பொய் சொன்னாலும் அவன் முகத்தில் நேர்மை தெரிந்தது. மற்றவர் நலம் கேட்டாலும் அதில் சூது தெரிந்தது.

இந்நிலையில் சேந்தன் மகளுக்குப் பேறுகாலம் வந்தது. பிள்ளை குறுக்கே திரும்பிக் கிடந்தது. சாத்தி மண்டபத்துக்கு ஓடிவந்து, செவ்வலரி வீட்டு வாசல் மிதிக்க விடை கேட்டாள். அடியேன் பதிகத்தின் மூன்றாம் பாட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன். போகலாம், ஆனால் அவர்கள் முதலில் வாசலில் வெள்ளலரிக் கொத்து ஒன்றைக் கட்டட்டும் என்றேன். அது பெரிய கருணை என்றும் அப்போது எண்ணினேன்.

சேந்தன் மறுக்கவில்லை. மகள் கதறலைக் கேட்ட தகப்பன் எப்பூவைத்தான் கட்டமாட்டான்? அவன் தன் கையாலேயே வெள்ளலரி பறித்து வந்தான். அவன் வாசலில் நின்ற செவ்வலரி இளைஞர்களோ அதைப் பிடுங்கி மிதித்து, தலைவன் மானம் போனால் தெருவின் மானம் போகும் என்று வழிமறித்தார்கள். தன் கூட்டத்துக்கு நடுவே தலைவன் செய்வதறியாது நின்றான். சாத்தி தெருமுனையில் நின்றாள். பொழுது சாய்ந்தது.

அப்போது கீழைத் தெருவிலிருந்து காரி நங்கை எண்ணெய்க் குடத்தோடு வந்தாள். அவள் தாயும் மருத்துவச்சியாக இருந்தவள். அவள் அவ்விளைஞர்களிடம் சொன்னதை அவள் வாய்மொழியாகவே எழுதுகிறேன். அரச ஓலைக்கு ஏலாத நடையைத் தேவரீர் பொறுத்தருள்க. “வழிய விடுங்கடா. உள்ள கெடக்குறவ பூவா கேக்குறா? தண்ணி கேக்குறா.”

வழி விட்டார்கள். அவளைக் கண்டதும் சாத்தி தன் கொண்டைப் பூவைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அடியேன் விடையின்றிப் பின்னாலேயே உள்ளே போனாள். இருவரும் சேர்ந்து பிள்ளையைத் திருப்பி எடுத்தார்கள். பெண் பிள்ளை, பிழைத்தது. தாயும் உயிரோடிருக்கிறாள். ஆனால் குருதி மிகப் போனதால் இன்னும் எழுந்து அமர இயலவில்லை. தான் நண்பகலில் போயிருந்தால் இவ்வளவு போயிராது என்பது சாத்தியின் சொல்.

மறுநாள் காலை செவ்வலரியாரும் மஞ்சளலரியாரும் ஒன்றாகவே மண்டபத்துக்கு வந்தார்கள். தேவரீர் இட்ட பணி நிறைவேறியது. இரு சாராரையும் அடியேன் ஒன்றாக்கிவிட்டேன். அவர்கள் கையில் தடி இல்லை. எங்கள் கையில் இருந்தது. அடியுங்கள் என்ற சொல் அடியேன் நாவில் வந்து நின்றது. அதைத் தடுத்தது அறமென்று எழுத ஆசைதான். உண்மையில் அச்சமே தடுத்தது. அவர்கள் மிகப் பலர். சேந்தன் முன்னே வந்து வணங்கி, “ஓடம் காத்திருக்கு, அமைச்சரே. ஏறுங்க,” என்றான். ஏறினேன்.

அவனே துடுப்புப் போட்டான். நடு ஆற்றில் அடியேன் முகத்தைப் பாராமலே, “நீங்க வர்றதுக்கு முன்னாலயும் நாங்க அடிச்சுக்கிட்டுத்தான் கெடந்தோம். ஆனா மருத்துவச்சி வருவா,” என்றான்.

அடியேன் கரை சேர்ந்தபின் வெள்ளலரியார் இரண்டாகப் பிரிந்தார்கள். அமைச்சரை மீட்கப் போர் தொடுக்க வேண்டும் என்பது ஒரு சாரார் கட்சி. அமைச்சர் நெஞ்சால் ஒருநாளும் வெள்ளலரி சூடியதில்லை, அவர் ஒரு துரோகி என்பது மற்றொரு சாரார் கட்சி. பின்னவர் தங்களைத் தூய வெள்ளலரியார் என்கிறார்கள். பதிகத்தை இரு சாராரும் பாடுகிறார்கள்; மூன்றாம் பாட்டில் மட்டும் பாடபேதம் என்று கேள்வி.

இனி, தேவரீர் அடியேனிடம் ஒப்படைத்த முத்திரையின் பெயரால் இவ்வாணை பிறப்பிக்கப்படுகிறது. மூங்கில்துறையிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் மருத்துவம் செய்வோர், பிள்ளைப்பேறு பார்ப்போர், தண்ணீர் கொணர்வோர், தீ அணைப்போர் எவரும் எவ்வாசலிலும் பூவின் நிறம் கேளாமல் புகக் கடவர். அவர்களை மறிப்பவர் எப்பூச் சூடியவராயினும், எப்பதவியில் இருப்பவராயினும், அமைச்சரேயாயினும், குற்றவாளியாகக் கடவர். மண்டபத்துப் பந்தி கலைக்கப்படுக. தடிகள் அடுப்பெரிக்கப் பயன்படுக. அமைதி காக்க இன்னோர் அமைச்சரை அனுப்பியருள வேண்டாம். மதகுக்கு ஒரு காவலனும், சாத்திக்கு ஒரு துணைமருத்துவச்சியும் போதும்.

ஓலையை இவ்விடத்தில் முடித்துக் கட்டவிருந்தேன். அதற்குள் அக்கரையிலிருந்து வந்த மீனவன் ஒருவன் ஒரு செய்தி சொன்னான். பிள்ளைக்குப் பெயரிடும் நாளில், தொட்டிலில் எப்பூவைக் கட்டுவது என்று சேந்தன் பக்கத்தாருக்கும் நங்கை பக்கத்தாருக்கும் வாய்ச்சண்டை மூண்டுவிட்டதாம். நங்கை பிள்ளையைத் தூக்கித் தாய் மார்பில் போட்டுவிட்டு, தொட்டிலே வேண்டாம் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாளாம்.

பெருங்கோவே, சண்டை மூண்டது என்று கேட்ட கணத்தில் அடியேன் மகிழ்ந்தேன். ஒரு மூச்சுப் பொழுதுதான். ஆயினும் முழுமையாக மகிழ்ந்தேன். என் கூட்டம் கலைந்தது; அவர்கள் கூட்டமும் கலையட்டும் என்று உள்ளே ஒருவன் கைகொட்டினான். தொட்டிலில் கிடக்க வேண்டிய பிள்ளையையும், எழ இயலாத தாயையும் அவன் நினைக்கவே இல்லை. நாணலை வெட்டிக்கொண்டிருந்த மீனவன் நிமிர்ந்து, ஏன் சிரிக்கிறீர் என்று கேட்டான். முகத்தைத் திருப்பிக்கொண்டு மீண்டும் எழுத்தாணியை எடுத்தேன். நோய் இன்ன இடத்தில் இருக்கிறதென்று அரசர்க்கு அறிவிப்பது அமைச்சன் கடமை. அறிவித்தேன்.

முத்திரை மோதிரம் ஓலையோடு கட்டி அனுப்பப்படுகிறது, பெற்றுக்கொள்க. இவை கண்டன் பூதன் எழுத்து.