பன்னிரண்டு மணி மாத்திரை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் பேனாவை எடுத்தேன். போனில் சொன்னால் பாதியிலேயே அழ ஆரம்பித்துவிடுவாய், அதனால் கடிதம். எழுத்து எறும்பு ஊர்வது போல இருந்தால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படி, பார்க்கின்சன் வந்த கைக்கு இதுவே பெரிய எழுத்து.

என் முதுகு ஆபரேஷனுக்கு அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் அடுத்த மாதம் தேதி வாங்கி வைத்திருக்கிறாயே, அது இப்போது வேண்டாம். பயத்தில் சொல்கிறேன் என்று நினைக்காதே. இரண்டு வருஷமாக இந்த வலிக்கு நான் பார்க்காத வைத்தியமா, பெல்ட் கட்டினேன், மெத்தையை மாற்றினேன், தரையில் படுத்தேன், தைலம் தேய்த்துத் தேய்த்து அம்மாவின் உள்ளங்கைதான் வழுவழுப்பானது. வாலிபத்தில் கயிற்றுச் சுருளைத் தோளில் சுமந்து விற்றதன் பலன் என்று எல்லோரிடமும் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டிருந்தேன். போன மாதம், பிசியோதெரபி செய்ய வருகிற பெண், கட்டிலில் படுக்கவைத்துப் பார்த்தது போதும், நீங்க நிக்கிற இடத்தைக் காட்டுங்க சார் என்று நம் கயிற்றுக் கடைக்கே வந்துவிட்டாள். தார்ப்பாய்க் கட்டுகளுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து பார்த்தாள். மதியம் ஒரு மணிக்கு மேல் நான் முன்னால் வளைந்து விறைத்துப் போவதையும், வலி அப்போதுதான் உச்சத்துக்கு வருவதையும் கவனித்துவிட்டு, பார்க்கின்சனுக்கான பன்னிரண்டு மணி மாத்திரையை நிஜமா எப்ப போடுறீங்க என்று கேட்டாள். எனக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

உன்னிடமும் சொல்லிவிடுகிறேன். வாங்க வந்தவர் முன்னால் நான் மாத்திரை போட்டதே இல்லை. அட்டையைப் பிரிக்க விரல் தடுமாறும், ஆள் தளர்ந்துவிட்டான் என்று தெரிந்தால் விலையை அடித்துக் கேட்பார்கள். கடை காலியாகட்டும் என்று இருப்பேன், சில நாள் மூன்று மணி ஆகிவிடும். மாத்திரை தாமதமானால் உடம்பு விறைக்கும், விறைத்த உடம்பை முதுகு ஒற்றை ஆளாக இழுக்கும், வேற ஒண்ணும் பெரிய ரகசியமில்ல சார் என்றாள் அந்தப் பெண். அம்மாவிடம் சொன்னபோது அவள், அப்ப நான் இத்தனை நாள் தேச்சது உங்க முதுகை இல்ல, உங்க வீம்பைத்தான் என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் பேசவில்லை.

நரம்பு டாக்டரும் அதையே ஒத்துக்கொண்டு மாத்திரை நேரத்தைத் திருத்தி எழுதினார். தச்சரை வைத்து மேசையை ஒரு சாண் உயர்த்தினேன், இப்போது குனியாமல் கயிறு அளக்கிறேன். காலையில் சுவரில் முதுகை ஒட்டி நின்று பயிற்சி. ஐந்து வாரமாகிறது. வலி போய்விட்டது என்றால் பொய், பத்துக்கு எட்டாக இருந்தது மூன்றில் நிற்கிறது. நேற்று, பேரத்தில் என் தோலை உரிப்பாரே அந்த லாரிக்காரர், அவர் எதிரிலேயே அட்டையை எடுத்தேன். விரல் தடுமாறியது. அவரே வாங்கிப் பிரித்துக் கொடுத்துவிட்டு, எங்க அண்ணனுக்கும் இதேதான், அவரு வாசலைத் தாண்டுறதில்ல, நீங்க இன்னும் என்னோட மல்லுக்கட்டுறீங்க என்றார். பிறகு வழக்கம்போல அடிமாட்டு விலைக்குக் கேட்டார், நானும் வழக்கம்போலக் கொடுக்கவில்லை.

ஸ்கேனைப் பார்த்த எலும்பு டாக்டர், இப்போதைக்குக் கத்தி வேண்டாம், மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம் என்கிறார். அதனால் அந்தத் தேதியைத் திருப்பிக் கொடுத்துவிடு, அவசரமாகத் தேவைப்படுகிறவர் யாராவது காத்திருப்பார். ஆபரேஷனுக்காகப் போட்ட லீவை மட்டும் ரத்து செய்யாதே, இங்கே வந்து பத்து நாள் சும்மா இரு. பார்க்கின்சன் என்னை விட்டுப் போகாது, அது எனக்குத் தெரியும். நிற்க முடியாத நாள் ஒன்று வரலாம். அன்றைக்கு யாரிடமும் மறைக்காமல் நானே உன்னைக் கூப்பிடுவேன், அப்போது வா.

இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ எங்கள் ஆசீர்வாதம். கம்ப்யூட்டர் முன்னால் கூனி உட்காராதே, மணிக்கு ஒரு தடவை எழுந்து நட. ஆஸ்பத்திரிக்கு நாளைக்கே மறக்காமல் போன் செய்.

இப்படிக்கு,
மேசைக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும்
உன் அப்பா