பத்து மணிக்கு வெளியே வைத்த பெட்டி

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். நீ சுகமா என்று கேட்பதுதான் முறை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை போனில் நீ போட்ட சத்தத்தைக் கேட்ட பிறகு உன் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை என்று எனக்கே தெரிந்துவிட்டது. மருமகளுக்குப் பல்வலி விட்டதா? குட்டி இப்போதாவது அழாமல் பள்ளிக்கூடம் போகிறாளா? அவள் அனுப்பிய படத்தை பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன், அதில் இருப்பது நானா பூனையா என்று அப்பாவுக்கும் எனக்கும் இன்னும் வழக்கு நடக்கிறது. இந்தக் கடிதத்தை ஏன் கையால் எழுதுகிறேன் என்றால், போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ ஒன்பது வார்த்தை சொல்லிவிடுகிறாய். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது பார். எழுதி முடித்ததும் அப்பா பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புவார். உட்கார்ந்து நிதானமாகப் படி, நடந்துகொண்டே படிக்காதே.

விஷயம் அந்தப் புகார்தான். கீழ்வீட்டில் நாம் வாடகைக்கு விடும் பெரிய கதவு அறையில் தங்கிவிட்டுப் போன தையல் டீச்சரின் மகன், இன்டர்நெட்டில் நீ நடத்தும் வாடகைப் பக்கத்தில் நம்மைப் பற்றி எழுதினானே, "ஆபரேஷன் செய்த மனிதரை நடுத்தெருவில் உட்கார வைத்தார்கள்" என்று. அதற்கு நீ, "காலி செய்யும் நேரம் பத்து மணி, விதி எண் ஏழைப் பார்க்கவும்" என்று பதில் போட்டாய். அவன் திருப்பி எழுத, நீ அதற்கு மேலே எழுத, இரண்டு பேரும் எரிகிற நெருப்பில் மாறி மாறி எண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்கிறீர்கள். நீ அங்கே இருந்துகொண்டு எனக்காகத்தான் மல்லுக்கு நின்றாய் என்று எனக்குத் தெரியும். அம்மாவை ஒருவன் ஒரு சொல் சொன்னால் உனக்குத் தாங்காது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஆனால் கண்ணா, அன்று என்ன நடந்தது என்று நீ என்னிடம் முழுசாகக் கேட்கவே இல்லை. நானும் போனில் மென்று விழுங்கிவிட்டேன். அவன் எழுதியதில் நடுத்தெரு என்பது மட்டும்தான் பொய். மற்றதெல்லாம் நிஜம்.

டீச்சரின் கணவர் ரிடையர் ஆன சர்வேயர், நிலம் அளந்த மனிதர். இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, எதிர்த்த ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் படுத்திருந்தார். அந்த ஒன்பது நாளும் டீச்சர் நம் அறையில் தங்கி, காலையில் போய் இரவு திரும்புவார். அறையில் ஒரு ஆள் இருக்கிற சுவடே தெரியாது. கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம், "நாளைக்குக் காலையில டிஸ்சார்ஜ் பண்றாங்களாம், கிளம்பிடுவோம்" என்றார். எத்தனை மணிக்கு என்று நான் ஒரு வாய் வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மறுநாள் மெத்தை விரிப்பை அவரே உருவி மடித்து வைத்துவிட்டு, பெட்டியையும் இரண்டு பைகளையும் கட்டி வைத்துவிட்டு ஏழு மணிக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார், எட்டரை மணிக்குக் கணவரோடு திரும்பிவிடலாம் என்ற நினைப்பில். ஆஸ்பத்திரியில் ஒரு கையெழுத்துக்கு நாலு ஜன்னல் என்பது உனக்குத் தெரியாதா என்ன.

இங்கே என் கதையைக் கேள். சுத்தம் செய்ய வரும் நம் சூறாவளி (அவள் பெயரே எனக்கு மறந்துவிட்டது, வீட்டில் எல்லோருக்கும் சூறாவளிதான்) பதினோரு மணிக்கு பேங்க் ஆபீஸைக் கூட்டப் போயாக வேண்டும். ஒரு அறையைக் கழுவித் துடைத்து விரிப்பு மாற்ற அவளுக்கே ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. பன்னிரண்டுக்கு அடுத்த ஆள் வருகிறார், மருந்து கம்பெனி சேல்ஸ்மேன். ஹால் கடிகாரத்தைப் பார்த்தேன், பத்து. டீச்சரைக் காணோம். சரி, பெட்டி கட்டித்தானே இருக்கிறது, எடுத்து வெளியே வைத்தால் என்ன என்று நானும் சூறாவளியுமாகத் தூக்கி மாடிப்படிக்குக் கீழே வைத்துவிட்டோம். இதில் கூத்து என்ன தெரியுமா? அப்போது மணி பத்தே இல்லை. ஒன்பது நாற்பது. நம் ஹால் கடிகாரத்தின் லட்சணம் உனக்குத் தெரியும், பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்த உன் அப்பா நீ பிறப்பதற்கு முன்பே அதை இருபது நிமிஷம் தள்ளி வைத்தவர், இந்த வீட்டில் ஒருத்தரும் எதற்கும் லேட்டாகப் போகக்கூடாது என்று. நீயும் நானும் இருபதைக் கழித்தே பார்த்துப் பழகியவர்கள். ஆனால் வேலை அவசரத்தில் நான் அன்று கழிக்கவில்லை. அன்று மட்டும்தானா என்றும் இப்போது சந்தேகமாக இருக்கிறது. அறைகளை வாடகைக்கு விட்ட இந்த இரண்டு வருஷத்தில் எத்தனை பேரைப் பத்து மணி பத்து மணி என்று கதவைத் தட்டி ஒன்பது நாற்பதுக்குக் கிளப்பியிருக்கிறேனோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

உன் பங்கும் இதில் கொஞ்சம் இருக்கிறது, கோபப்படாமல் படி. டீச்சர் சும்மா இருக்கவில்லை. ஒன்பதரை மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து, இன்னும் பேப்பர் வரவில்லை, கொஞ்சம் பொறுக்க முடியுமா என்று வாடகைப் பக்கத்தில் போட்டிருக்கும் நம்பருக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார். அது உன் நம்பர். உனக்கு அங்கே நல்ல தூக்கம். நீதான் ஆள் இல்லாவிட்டாலும் பதில் போகிற மாதிரி ஏதோ செய்து வைத்திருக்கிறாயே, அது ஒரே நொடியில், "எங்களுடன் தங்கியதற்கு நன்றி! பத்து மணிக்கு மேல் தங்கினால் கூடுதல் கட்டணம் உண்டு" என்று சொல்லிவிட்டதாம், கூடவே ஒரு சிரிக்கிற முகம். அந்தச் சிரிக்கிற முகத்தை டீச்சர் எனக்குக் காட்டினார்.

ஒன்றரை மணிக்கு வந்தார்கள். சர்வேயரை வீல்சேரில் வைத்து ஆஸ்பத்திரி ஆள் தள்ளிக்கொண்டு வருகிறார், அறைக் கதவு சாத்தியிருக்கிறது, உள்ளே சேல்ஸ்மேன் குறட்டை விடுகிறார், இவர்கள் பெட்டி படிக்கட்டுக்குக் கீழே கிடக்கிறது, அதன் மேல் சூறாவளி மறந்து வைத்துவிட்டுப் போன துடைப்பம். டீச்சர் துடைப்பத்தை எடுத்துச் சுவரில் சாய்த்துவிட்டு, "கொஞ்சம் தண்ணி மட்டும் கெடைக்குமா? அவருக்கு மாத்திரை போடணும்" என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தேன். உன் அப்பாதான் உள்ளேயிருந்து வந்து பார்த்துவிட்டு, என்னை ஒரு முறை முறைத்தார் பார், அதன் பிறகு வீல்சேரைக் கீழேயே இருக்கிற எங்கள் அறைக்கே தள்ளிக்கொண்டு போய் அவரைத் தன் கட்டிலில் படுக்க வைத்தார். ஊருக்குப் போகிற வேன் மூன்று மணிக்குத்தான். டீச்சரும் நானும் சமையலறையில் உட்கார்ந்தோம். டீ போடும்போது நான் அழுதுவிட்டேன். அவர் எனக்கு ஆறுதல் சொல்கிறார், இது எந்த ஊர் நியாயம் சொல். "விடுங்க, எம் பையனும் தூரத்துலதான் இருக்கான். இதெல்லாம் அவன் போன்லயே புக் பண்ணது. உங்க மொகத்த அவன் பார்த்ததில்ல, என் வலிய உங்க பையன் பார்த்ததில்ல" என்றார்.

சர்வேயர் கட்டிலில் படுத்தபடியே திறந்த கதவு வழியாக ஹால் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தன் வாட்சைப் பார்த்திருக்கிறார். அப்பாவிடம் கேட்டு விவரம் தெரிந்துகொண்டு, "சார், நான் ஒரு சாண் தள்ளிக் கல்லு நட்டிருந்தா ரெண்டு குடும்பம் கம்பெடுத்துக்கிட்டு நின்னிருக்கும். நீங்க இருபது நிமிஷத்தத் தள்ளி நட்டுட்டு நிம்மதியா இருக்கீங்களே" என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம். உன் அப்பா வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிற மனிதர். வேன் போன பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி முள்ளைத் திருப்பி வைத்தார். நான் இன்னும் பழக்கத்தில் இருபதைக் கழித்துக்கொண்டு, போன செவ்வாய் கண் டாக்டரிடம் லேட்டாகப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அதன் பிறகு நானும் அப்பாவும் சூறாவளியும் உட்கார்ந்து பேசினோம். எல்லா இடத்திலும் பத்து, பதினொன்று என்றுதானே வைக்கிறார்கள், நாம் மட்டும் என்ன என்று நீ கேட்பாய். எல்லா இடமும் ஆஸ்பத்திரிக்கு எதிரே இல்லையே. அங்கே ஒரு மணிக்கு முன்னால் யாரையும் வெளியே விட்டதாக நான் பார்த்ததில்லை, அப்படியிருக்க நாம் பத்து மணிக்கே சாவியைக் கேட்டால், ஒரு மணிக்கு வெளியே வருகிற நோயாளி வண்டி வரும்வரை எங்கே படுப்பார்? அதற்காக வருகிறவர்கள் இஷ்டத்துக்கு விட்டால் சூறாவளி எப்போது கூட்டுவாள், அவளும் ஒரு வாய் சாப்பிட வேண்டாமா? அவள்தான் வழி சொன்னாள். "பதினொன்னுக்கு மேல முடியாதும்மா, ஆனா பேங்க் வேல முடிஞ்சு நாலு மணிக்கு வரேன். அந்தப் பெரிய கதவு ரூம அப்ப செஞ்சிடறேன்" என்றாள். ஆகவே வீல்சேர் நுழைகிற பெரிய கதவு அறைக்கு, காலி செய்வது மதியம் இரண்டு மணி, அடுத்தவர் வருவது சாயங்காலம் ஆறு. சின்ன அறையில் பெரும்பாலும் வேலையாக வருகிறவர்கள் தங்குகிறார்கள், அவர்களே எட்டு மணிக்கெல்லாம் ஓடிவிடுகிறார்கள், அதற்குப் பத்தே இருக்கட்டும். பெட்டி வைக்க வராந்தா அலமாரியைக் காலி செய்து பூட்டுப் போட்டாகிவிட்டது, அதில் இருந்த உன் பழைய கிரிக்கெட் மட்டையைப் பரணில் போட்டிருக்கிறேன், பதறாதே. கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் நானே போய் நாளைக்கு எத்தனை மணிக்கு என்று கேட்டுவிடுவேன். வாடகைப் பக்கத்தில் உன் நம்பரை எடுத்துவிட்டு வீட்டு நம்பரைப் போடு. அந்தச் சிரிக்கிற முகத்தை இன்றைக்கே அழித்துவிடு.

இப்போது முக்கியமான விஷயம். வரும் பதினெட்டாம் தேதி சர்வேயரை மறுபடி டாக்டரிடம் காட்ட வேண்டும், மூன்று நாள் தங்கிப் பரிசோதனை. அவர்களுக்கு நம் பெரிய கதவு அறைக்கே வர ஆசை. ஆனால் அந்தப் பையன், "அந்த வீட்டு வாசப்படிய நீங்க மிதிக்கக் கூடாது" என்று சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில் ஒரு இடம் புக் பண்ணியிருக்கிறான். மூன்றாவது மாடி. லிப்ட் இல்லை, அது அவனுக்குத் தெரியாது. டீச்சர் சொன்னால் கேட்பான்தான், ஆனால் அவருக்கு வாய் வரவில்லை. "அப்பா விழுந்தப்ப பக்கத்துல இல்லையேன்னு அவனுக்குள்ள அரிக்குது. அந்தக் கோபத்த யார் மேலயாவது காட்டணும், காட்டறான். அதயும் நான் எப்படிப் பிடுங்கறது?" என்று நேற்று போனில் என்னிடம் கேட்டார். ஆமாம், நாங்கள் இரண்டு பேரும் தினமும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். நீங்கள் இருவரும் கடல் தாண்டி முட்டிக்கொள்கிறீர்கள், நாங்கள் ஸ்வெட்டர் பின்னுவது பற்றிப் பேசுகிறோம். அவர் சொன்னதைக் கேட்டதும் எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது நீ அங்கிருந்து ஆஸ்பத்திரி ரிசப்ஷன் பெண்ணைப் பிடித்துக் கத்தினாயே, அவள் பாவம் என்ன செய்தாள்? உனக்கும் அவனுக்கும் ஒரே வியாதி. பாசம் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தால் நாக்குக்கு வந்துவிடுகிறது.

அதனால் நீ அவனுக்குப் போன் பண்ணிப் பேச வேண்டும். எழுதாதே, எழுதினால் நீ விதி எண்ணுக்குப் போய்விடுவாய். தப்பு எங்கள் பக்கம், அம்மா நேரத்துக்கு முன்னால் பெட்டியை எடுத்து வைத்துவிட்டாள், என் போன் தப்பாகப் பதில் சொல்லிவிட்டது, பதினெட்டாம் தேதிக்கு அறை காத்திருக்கிறது, இவ்வளவு சொன்னால் போதும். அவனும் ஏதாவது கடுமையாகச் சொல்வான். கேட்டுக்கொள், குறைந்துவிட மாட்டாய். அவன் நம்பரைக் கடைசிப் பக்கத்தின் அடியில் எழுதியிருக்கிறேன். அவனும் உன் மாதிரியே வேளைக்குச் சாப்பிடாமல் சுற்றுகிறானாம், அதையும் கேள்.

மருமகளுக்கும் குட்டிக்கும் என் முத்தங்கள். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். இன்னும் ஒன்று, எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன், எழுதியே விடுகிறேன். டீச்சரும் இன்றைக்குத் தன் மகனுக்கு இதே மாதிரி ஒரு கடிதம் எழுதுகிறார், உன் நம்பரும் அதில் போகிறது. "பாருங்க, எம் பையன்தான் மொதல்ல எறங்கி வருவான்" என்று என்னிடம் அடித்துச் சொன்னார். நான் விடுவேனா, இல்லை, என் பையன்தான் என்று சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி எழுதுகிறவர், நான் முடித்துவிட்டேன். உனக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது.

உன்னையே நம்பியிருக்கும்,
அம்மா