484-இல் ஒரு கோடு

மார்ச் 3, திங்கள்
தம்பியை டயாலிசிஸுக்கு அழைத்துப் போனேன். வாரம் மூன்று நாள். இது மூன்றாவது வருடம். என் சிறுநீரகம் அவனுக்குப் பொருந்துமாம். ஆனால் போன மாதம் எனக்கு மிளகளவு ஒரு கல் இறங்கியதே, அது என்ன கல் என்று தெரிந்த பிறகுதான் அறுவை என்கிறார் மருத்துவர். ராமன் நிறமாலை எடுக்க ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

"வெளிச்சம் அடிச்சா கல்லு பேர் சொல்லிடுமாக்கும்?" என்றான் தம்பி.

பள்ளிக்கூடப் பழக்கம் விடவில்லை. நிற்கிற ஊஞ்சல்மேல் பந்தை எறிந்தால் ஊஞ்சல் ஆடும், பந்து வேகம் குறைந்து திரும்பும். எவ்வளவு குறைந்தது என்று அளந்தால் ஊஞ்சலைப் பார்க்காமலே அதைப் பற்றிச் சொல்லலாம். ஒளியும் மூலக்கூறை ஆட்டிவிட்டுச் சற்றே நிறம் மாறித் திரும்புகிறது என்றேன்.

"உன்கிட்டயே பிசிக்ஸ் படிச்சு நாப்பது மார்க் வாங்கினவன்க்கா நான்."

மார்ச் 11
பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், போதும்.

மார்ச் 14, வெள்ளி
அறிக்கை வந்தது. கால்சியம் ஆக்சலேட், பலருக்கும் வருவதுதான்; கூடவே கொஞ்சம் சிஸ்டின். சிஸ்டின் என்றால் பரம்பரைக் கோளாறாம். கல் திரும்பத் திரும்ப வருமாம். "உங்களுக்கே ரெண்டும் வேணும்மா, எடுக்க மாட்டோம்" என்றார் மருத்துவர்.

"விடுக்கா, தப்பிச்ச" என்று தம்பி சிரித்தான்.

திரும்பும் வழியில் எனக்கு உடம்பு லேசாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

மார்ச் 15
அறிக்கையோடு வந்த நிறமாலை வரைபடத்தை மேசையில் விரித்துப் பார்த்தேன். மற்றக் கோடுகள் குன்றுபோல் அகலம்; சிஸ்டின் என்று குறித்தது மட்டும் ஊசி. 498-இல் வர வேண்டியது, 484-இல் நிற்கிறது. சிஸ்டினுக்குரிய வேறு கோடு ஒன்றுகூட இல்லை. ஒரே ஒரு பிள்ளையின் குரலைக் கேட்டு, வகுப்பு முழுக்க வந்துவிட்டது என்று வருகைப் பதிவு போடலாமா?

லேசர் 532 நானோமீட்டர். அதிலிருந்து 484 தள்ளினால்? 484 என்பது அலையெண், நேரே கூட்டிக் கழிக்க முடியாது; நானோமீட்டருக்கு மாற்றிக் கணக்குப் போட்டேன். 546. முப்பத்தொரு வருடம் செய்முறை வகுப்பில் காட்டிய எண் — பாதரசத்தின் பச்சைக் கோடு. ட்யூப்லைட்டுக்குள் இருப்பதும் பாதரசம்தான்.

என் கல்லில் சிஸ்டின் இல்லை. யாரோ விளக்கை அணைக்க மறந்திருக்கிறார்கள்.

இது எனக்கு மட்டும்தான் தெரியும்.

மார்ச் 16
துணி துவைத்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லையே, சொல்லாமல் இருப்பது பொய்யாகுமா? — சீ, என்ன பேச்சு இது. இதே சாக்கைச் சொன்ன எத்தனை பிள்ளைகளை முட்டி போட வைத்திருக்கிறேன்.

மார்ச் 17, திங்கள்
டயாலிசிஸ் முடிந்து எழுந்தவனுக்குக் குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை. நான்தான் மாட்டிவிட்டேன். நடைவழியிலிருந்தே ஆய்வகத்துக்குப் போன் செய்தேன்.

"ஏம்மா, கல்லை அளக்கும்போது ரூம்ல ட்யூப்லைட் எரிஞ்சுதா?"

போனை எடுத்த பெண் எதையோ புரட்டும் சத்தம் கேட்டது. "அணைச்சுட்டுதாம்மா எடுக்கணும்... அன்னிக்கு... ஐயோ. இருங்க, மறுபடி எடுத்துடறேன்."

மார்ச் 20
484 காணோம். வெறும் ஆக்சலேட். "ஏப்ரல் இருபத்தெட்டு தேதி போட்டுடலாமாம்மா?" என்றார் மருத்துவர். போடுங்கள் என்றேன். யாரோ சொன்னது போலிருந்தது.

தம்பி இந்தத் தடவை சிரிக்கவில்லை. "பேசாம இருந்திருக்கலாமேக்கா" என்றான்.

ஏப்ரல் 30
கையெழுத்து கோணல், படுத்துக்கொண்டு எழுதுகிறேன். காலையில் செவிலியின் தோளைப் பிடித்துக்கொண்டு அவன் அறை வாசல் வரை நடந்தேன். தூங்கிக்கொண்டிருந்தான். ஒரு நாளைக்கு அரை டம்ளர்கூடச் சிறுநீர் இறங்காதவன். கட்டிலில் தொங்கிய பையை இன்னொரு செவிலி குனிந்து பார்த்து அளவை எழுதினாள்.

"நேத்துலேர்ந்து நாலு லிட்டர்மா."

ஒரு நாற்காலி கேட்டு வாங்கி அங்கேயே உட்கார்ந்தேன்.