விசிலுக்கு முன்னால்

அம்மாவுக்கு உன் பெரியவள் எழுதறது. நான் நல்லா இருக்கேன். உன் முட்டிவலி தேவலையா?

நான் வேலைக்கு வந்த இந்த நாட்டுல பல நாட்டுப் பெண்கள் கிளப்புகளோட கூடைப்பந்துப் போட்டி நடக்குது. தரையில சிந்தற வேர்வையைத் துடைக்கறது என் வேலை. நேத்து நம்ம ஊர் கிளப் ஆடுச்சு. வளையத்துக்குக் கீழே ஈரம் பளபளன்னு தெரிஞ்சுது. ஆனா நடுவர் விசில் ஊதாம நாங்க உள்ளே கால் வைக்கக் கூடாது. மனசு கேட்காம, "பாத்துடி, வழுக்கும்!"னு கத்திட்டேன். ஓடி வந்த பொண்ணு என் பக்கம் திரும்பினா, விழுந்தா. அப்புறம்தான் விசில் வந்துச்சு. துடைச்சேன்.

அவளைத் தூக்கிட்டுப் போறப்ப, "நம்ம பேச்சு கேட்டதும் எங்க அம்மாதான் வந்துட்டாங்கன்னு திரும்பிட்டேன்க்கா"ன்னு சிரிக்கப் பாத்தா.

அவளுக்குப் பெரிசா ஒண்ணுமில்ல, முட்டியிலதான் அடி. நீ தேய்க்கற தைலம் ரெண்டு பாட்டில் அனுப்பும்மா. இடைவேளை முடிஞ்சு விசில் ஊதறாங்க, போறேன்.