குத்தமிருந்தா மாஸ்டரைக் கேளுங்க

மச்சான்,

மாசி பிறந்துவிட்டது. நேற்று கூரையடி அட்டலிலிருந்து அரிதாரப் பெட்டியை இறக்கினேன். மூடியைத் திறந்ததுமே முத்துவெள்ளையும் தேங்காய் எண்ணெயும் கலந்த அந்தப் பழைய வாசம் குப்பென்று அடித்தது. அடியில் நீ ரதி வேஷத்துக்குப் போட்ட பச்சைக் கண்ணாடி வளையல் நாலு கிடக்கிறது. ஒன்றில் விரிசல்.

"அதத் தூக்கிப் போடுங்களேன்" என்றாள் உன் தங்கச்சி.

"நுவரெலியா பெரிய செயலாளர் போட்ட வளையலுடி. அரசாங்கச் சொத்து" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. கட்டின நாளிலிருந்து என் பகிடிக்குச் சிரித்தே தேய்ந்து போனவள், உன் பேச்சு வந்தால் மட்டும் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

நம்ம தோட்டத்துக் காமன் கூத்தில் நீ ரதி, நான் கோமாளி. காமன் எரிந்து சாம்பலானதும் நீ அழுவாய் பார், மேல் டிவிசன் பொம்பளைகள் முந்தானையை வாயில் திணித்துக்கொள்வார்கள். நான் பக்கத்தில் வந்து, "தாயி, கொஞ்சம் மெதுவா அழு, மீசை எட்டிப் பாக்குது" என்பேன். நீ அழுகையை நிறுத்தாமலே என் காலை நசுக்கி மிதிப்பாய். இடது காலின் சுண்டுவிரல் நகம் இன்னும் கோணல்தான்.

அப்போதும் கூத்துக்கு மாஸ்டர் நம்ம ராசுதான். ஃபெக்டரியில் கொழுந்து வாட்டுகிற வேலை. நம்மைவிட மூன்று வயசுதான் கூட, ஆனால் பாட்டு முழுவதும் அவர் தொண்டையில் இருந்தது. அவரைக் கும்பிடாமல் யாரும் களத்தில் கால் வைக்க முடியாது. கோமாளிக்கு மட்டும் கும்பிடுவதோடு ஒரு வரியும் உண்டு. "நான் பேசுறதெல்லாம் மாஸ்டர் சொல்லிக் குடுத்தது, குத்தமிருந்தா மாஸ்டரைக் கேளுங்க." அதைச் சொல்லிவிட்டால் போதும். துரையானாலும் தலைவரானாலும் கோமாளி கிண்டல் பண்ணலாம், யாரும் கோபிக்கக் கூடாது. மாஸ்டர் ஒரு சொல்லும் சொல்லிக் கொடுப்பதில்லை என்று பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். உனக்கும் தெரியும், மச்சான். அதுதான் விஷயம்.

நான் நாலாம் வகுப்போடு கவ்வாத்துக் கத்தியைப் பிடித்துத் தேயிலை வெட்டப் போனேன். நீ படித்தாய், ஹட்டனில் கிளார்க் ஆனாய். பெரியவர் நாட்டுத் தலைவராக ஆட்சிக்கு வந்தபோது அவர் கூட்டங்களுக்கு ஆள் சேர்த்தாய். தமிழிலும் சிங்களத்திலும் ஜனத்தைக் கைதட்ட வைக்கத் தெரிந்தவன் நீ. மூன்றே வருஷத்தில் உனக்கு நுவரெலியாவில் பெரிய நாற்காலி, கறுப்பு வாகனம், முன்னும் பின்னும் துவக்கோடு ஆட்கள்.

முதலில் எங்களுக்குப் பெருமைதான். நம்ம லயத்துப் பிள்ளை, இதே வரிசை வீட்டில் வளர்ந்தவன் என்று கோயிலில் உன் பேருக்கு அர்ச்சனைகூட வைத்தோம். பிறகு பெரட்டுக்களத்தில், காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற அந்த இடத்தில், பெரியவர் படத்தை மாட்டச் சொல்லி உன் கையெழுத்தோடு கடிதம் வந்தது. முதலில் படத்துக்குக் கும்பிடு, அப்புறம்தான் பேர். கும்பிடாதவனுக்கு அன்றைக்கு வேலை கிடையாது. அடுத்த கடிதம் அதைவிட மோசம். பெரியவரைப் பற்றித் தப்பாகப் பேசினவன் என்று ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் ரெண்டு மாதத்துக்கு ஒரு பேர் உன் மேசைக்கு வர வேண்டும். அப்படிப் போன பேருக்கு ஜீப் வரும். ஜீப்பில் போன சிலர் திரும்பவில்லை. லயத்தில் புருஷனும் பொண்டாட்டியும்கூடக் குசுகுசுவென்றுதான் பேசினார்கள்.

அந்த மாசியில் நீ கூத்துப் பார்க்க வந்தாய். முன் வரிசையில் உனக்குக் குஷன் நாற்காலி. நான் வேஷம் கட்டும்போது மாஸ்டர் என் தோளைப் பிடித்து, "டேய் மணியம், இன்னைக்கி வாயக் கட்டிக்கடா" என்றார். கட்டிக்கொள்கிற வாயா இது? களத்தில் இறங்கினேன். வழக்கமான வரியைச் சொன்னேன். உன் முன்னால் வந்து நின்றேன்.

"நம்ம ரதி பெரிய எடத்துக்கு மருமகளாப் போயிட்டாங்க சாமியோவ்! அந்த வீட்டுல காலையில மாமனாரு படத்தக் கும்பிட்டாத்தான் கஞ்சியாம்!"

தப்பு மேளம் நின்றுவிட்டது. உன் பின்னால் நின்றவன் உன் காதருகில் குனிந்தான். நான் சிரித்த முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு நின்றேன். அரிதாரத்துக்குள் வேர்வை ஓடியது எனக்கு மட்டும் தெரியும். பிறகு நீ சிரித்தாய். நீ சிரித்ததும் தோட்டமே சிரித்தது. தப்பித்தேன் என்று நினைத்தேன்.

நாலாம் நாள் ஜீப் வந்தது. நான் குடியிருந்த காம்பராவைத் தாண்டிப் போய் மாஸ்டர் வாசலில் நின்றது, அவரை ஏற்றிக்கொண்டு போனது.

நான் பஸ் ஏறி உன் ஆபீசுக்கு வந்தேன். பெரியவர் படத்துக்குக் கீழே நீ உட்கார்ந்திருந்தாய். உட்காரச் சொல்லவில்லை.

"கூத்தப் பத்தி எவனோ எழுதிப் போட்டுட்டான். மேல ஒரு பேரு அனுப்பியே ஆகணும்" என்றாய். "ஒன்னு ஒம் பேரு, இல்ல மாஸ்டர் பேரு. அத்தன சனத்துக்கு முன்னால நீதான சொன்ன, மாஸ்டரைக் கேளுங்கன்னு?"

"அது கூத்துல சொல்றதுடா."

"எனக்குத் தெரியும். மேல இருக்கவனுக்குத் தெரியாது. இப்ப நீ சொல்லு, மாத்தி எழுதவா?"

பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினாய்.

வாழ்க்கையில் எனக்குப் பேச்சு வராத ஒரே இடம் அது. "என் பேரை எழுது" என்று சொல்லியிருக்கலாம். மூன்றே மூன்று சொல். என் பிள்ளைகள் முகம் வந்தது, உன் தங்கச்சி முகம் வந்தது, சொல் வரவில்லை. நீ கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினாய். "போ, பஸ் போயிரும்" என்றாய். நானும் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

பதினொரு மாதம் கழித்து மாஸ்டர் வந்தார். தொண்டையில் என்ன செய்தார்களோ, உடைந்த மண்சட்டி போல ஒரு சத்தம்தான் மிச்சம். பாட்டு போய்விட்டது. என்னை ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் பெரியவர் நாட்டைவிட்டே ஓடினார். உன் கறுப்பு வாகனத்தை நடுரோட்டில் கொளுத்தினார்கள். மூன்றாம் நாள் மத்தியானம், கை நீட்டினால் கை தெரியாத பனிமூட்டத்தில், தேயிலைக்குள்ளேயே நடந்து என் வீட்டுப் பின்னால் கோடிப்பக்கத்துக்கு வந்தாய். இடுப்பில் யாருடையதோ ஒரு சாரம், காலெல்லாம் அட்டை கடித்த ரத்தம்.

"மணியம், ஒரு மூணு நாளைக்கி."

"காமனுக்கும் மூணாம் நாளுதான்டா உசுரு வரும்" என்றேன். என் நாக்கை என்ன சொல்ல! உன்னை உள்ளே தள்ளிக் கதவை அடைத்தேன்.

மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. வாசலில் நாற்பது பேர். எல்லாம் என்னோடு கவ்வாத்து வெட்டுகிறவர்கள், கையில் அதே கத்தி.

"உள்ள யாருண்ணே?"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாஸ்டர் வந்தார். அவரைப் பார்த்ததும் கால் ஆடியது, வாய் தானாகப் பேசியது. "எனக்கென்ன தெரியும்? மாஸ்டரைக் கேளுங்க."

மாஸ்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "திரும்பவும் எம்மேலயாடா போடுற?"

அவ்வளவுதான். அந்த உடைந்த குரலில் அவ்வளவுதான். எனக்கு மொத்தமும் புரிந்தது: உன் ஆபீசில் என்ன நடந்திருக்கும் என்று இந்த மனுஷன் என்றைக்கோ யூகித்துவிட்டார்.

அவர் உள்ளே போனார். விறகு மூலையில் ஒடுங்கிக் கிடந்த உன் முன்னால் குந்தினார். "காலையில பெரட்டுக்களத்துக்கு வா. நம்ம தோட்டத்துல யாரு யாரு பேர எழுதினேன்னு ஒன் வாயால கூப்பிடு. அப்பறம் பொலிசுக்குப் போ. அதுவரைக்கும் ஒம்மேல கை படாது." வெளியே வந்து வாசல்படியில் உட்கார்ந்துகொண்டார். விடியும்வரை எழுந்திருக்கவில்லை. அவரைத் தாண்டி உள்ளே வர ஒருத்தனுக்கும் மனசு வரவில்லை.

காலையில் படம் இருந்த இடத்தில் வெறும் ஆணி. அதன் கீழே நின்று நீ பேர் கூப்பிட்டாய். பதினாலு பேர். திரும்பி வந்தவர்கள் "இருக்கேன்" என்றார்கள். வராதவர்களின் பேருக்கு யாரும் வாய் திறக்கவில்லை. நீ ஒவ்வொரு தடவையும் காத்து நின்றாய், பிறகு அடுத்த பேருக்குப் போனாய். கடைசியாக மாஸ்டர் பேர். "இருக்கேன்" என்றது அந்தச் சட்டிக் குரல். நீ என்னைப் பார்த்தாய். நான் மண்ணைப் பார்த்தேன். அந்தப் பதினாலில் என் பேர் இல்லை.

மறியல் கம்பிக்குள்ளே நெஞ்சுவலி வந்து நீ செத்து ரெண்டு வருஷமாகிறது. உன் பெட்டி வந்தபோது தூக்க நாலு தோள் லேசில் சேரவில்லை. மூன்றாவது தோள் நான், நாலாவது யார் என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். மாஸ்டர்தான்.

உன்னை நான் மன்னித்தேனா என்று எனக்கே தெரியாது, மச்சான். நீ எழுதினாய், நான் எழுதவிட்டேன். ஆனால் ஒன்று செய்கிறேன். இப்போது களத்தில் இறங்கினால் மாஸ்டரைக் கும்பிடுகிறேன், பழைய வரியைச் சொல்வதில்லை. "நான் பேசுறதெல்லாம் நானே பேசுறது. குத்தமிருந்தா மணியம்னு என் பேர எழுதிக்குங்க" என்கிறேன்.

இப்போது எழுத யாருமில்லை. ஜனம் சிரிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் அதைச் சொல்லும்போதெல்லாம், சலங்கை கட்டின கால் ரெண்டும் கிடுகிடுவென்று ஆடுகிறது. ஆட்டம் என்று நினைத்துக் கைதட்டுகிறார்கள். முன்னால் உட்கார்ந்திருக்கிற மாஸ்டர் மட்டும் தட்டுவதில்லை. என் காலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.